அம்மா கீழே காத்திருந்த கூட்டம்

எனக்கு வாக்குரிமை பன்னிரண்டு வயதில் கிடைத்தது. அந்நாளில் நாட்டுத் தேர்தலில் வாக்களிக்க இருபத்தொரு வயது ஆகவேண்டும். பினாங்கில் எங்கள் தமிழ் பாப்டிஸ்ட் சபையில் அப்படி இல்லை. இயேசுவை நம்புகிறேன் என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லி, மேடைப் பலகைகளுக்கு அடியில் இருக்கும் தொட்டியில் முழுதாக மூழ்கி எழுந்தால் போதும். தலை ஈரம் காய்வதற்குள் சபையார் கைதூக்கி நம்மை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்வார்கள். அதன்பிறகு பாஸ்டருக்கும் ஒரு வாக்குதான், நமக்கும் ஒரு வாக்குதான்.

எங்களுக்கு மேலே ஆயர் இல்லை. எங்கிருந்தோ ஆணை அனுப்பும் தலைமை அலுவலகமும் இல்லை. சபையில் எது நடந்தாலும் சபையே கூடி முடிவெடுக்கவேண்டும். கூரைக்கு மின்விசிறி வாங்குவதற்கு மூன்று கூட்டங்கள் நடந்தன. மூன்று இறக்கை போதுமா, ஐந்து வேண்டுமா என்பதில் இரண்டு குடும்பங்கள் ஒரு மாதம் பேசிக்கொள்ளவில்லை. விசிறி வந்து சேர்வதற்குள் மழைக்காலம் தொடங்கிவிட்டது. இப்படி வேர்த்து ஒழுகிக்கொண்டு விவாதிப்பதில் எங்கள் ஆட்களுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு.

அந்தக் கூட்டங்களில் என் அம்மாவுக்கு இடமில்லை. அம்மா கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். பிறந்த எட்டாம் நாள், பிழைக்குமா என்று தெரியாத குழந்தையைத் துண்டில் சுற்றி அவருடைய அப்பா கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். அதற்கு முந்தின நாள்தான் மனைவியை அடக்கம் செய்திருந்தார். பாதிரியார் நெற்றியில் தண்ணீர் ஊற்றினார், குழந்தை பிழைத்துக்கொண்டது. எங்கள் சபையின் நம்பிக்கைப்படி அந்தத் தண்ணீர் ஞானஸ்நானம் ஆகாது. நம்பத் தெரியாத குழந்தைக்கு மற்றவர்கள் செய்துவைப்பது கணக்கில் வராது. தானே நம்பி, தானே கேட்டு, தானே தொட்டிக்குள் இறங்கவேண்டும். அம்மா இறங்கவில்லை. அப்பாவைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து பதினான்கு வருடம் ஒரு ஞாயிறு தவறாமல் சபைக்கு வந்தும் உறுப்பினர் ஆகவில்லை.

இதனால் யாருக்கும் பெரிய சங்கடம் இருந்ததாக எனக்குத் தெரியாது. ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளின் வகுப்பை ஒன்பது வருடமாக அம்மாதான் எடுத்துவந்தார். நானே அங்கே அவரிடம் படித்தவள். வீட்டில் கண்டிப்பாக இருப்பவர், அந்த வகுப்பில் வேதக்கதையின் யோனாவை விழுங்கும் மீனாகத் தரையில் தவழ்வார். பிள்ளைகள் அவரை விட்டு நகரமாட்டார்கள்.

பிரச்சினையைக் கிளப்பியவர் பெரியப்பா, அப்பாவின் சொந்த அண்ணன். உறுப்பினர் அல்லாதவர் சபையில் போதிக்கக்கூடாது என்று நம் விதிப்புத்தகத்தில் இருக்கிறதே, அதை யாராவது படித்தீர்களா என்று ஒரு ஞாயிறு கேட்டார். படித்தவர்கள் யாரும் இல்லை. படித்துப் பார்த்தபோது அது அப்படியேதான் இருந்தது. பாஸ்டர் ஒரு வழி சொன்னார். வேறு சபையில் எந்த முறையில் ஞானஸ்நானம் பெற்றிருந்தாலும், இப்போது விசுவாசத்தை அறிக்கை செய்தால் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதியைத் திருத்துவது. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு விழுந்தால் அம்மாவின் வகுப்பு அம்மாவுக்கே. விழாவிட்டால் அன்றோடு அவர் வகுப்பை விட்டுவிடவேண்டும்.

நான் தொட்டியில் மூழ்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அந்தச் சமயத்தில் என் மனதை அரித்துக்கொண்டிருந்தது வகுப்பு அல்ல, திருவிருந்து. எங்கள் சபையில் மூழ்கியவர்கள் மட்டுமே அதில் பங்கெடுப்பார்கள். அப்பமும் சின்னக் கோப்பைகளில் திராட்சைச் சாறும் வைத்த தட்டு வரிசை வரிசையாகக் கைமாறி வரும். அதுவரை அம்மாவும் நானும் எதையும் எடுக்காமல் அடுத்தவருக்கு நகர்த்திவிடுவோம். நாங்கள் இரண்டு பேரும் ஒரு கட்சி. மூழ்கிய பிறகு வந்த முதல் திருவிருந்தில் நான் எடுத்துக்கொண்டேன். அம்மா மட்டும் எடுக்காமல் நகர்த்தினார். அம்மாவை நடுவழியில் விட்டுவிட்டு நான் மட்டும் பஸ் ஏறிவிட்டதைப் போல இருந்தது.

கூட்டத்துக்கு முந்தின வாரம் பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். ஒருமுறை மூழ்கிவிட்டால் எல்லாம் முடிந்துவிடுமே சிஸ்டர் என்று மெதுவாகக் கேட்டார். நான் அறைக்கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

“மூழ்க எனக்குப் பயம் இல்ல பாஸ்டர்,” என்றார் அம்மா. “ஆனா மூழ்குனா, எங்கப்பா அன்னைக்குச் செஞ்சது ஒண்ணுமே இல்லன்னு நானே சபைக்கு முன்னாடி சொன்ன மாதிரி ஆயிரும். பொண்டாட்டியப் பொதச்ச மறுநாளு என்னத் தூக்கிட்டு ஓடுன மனுசன். அத மட்டும் என்னால சொல்ல முடியாது.”

இரண்டு விஷயம் சொன்னார். அதில் எனக்கு வேண்டியது முதல் விஷயம் மட்டும்தான். மூழ்கப் பயமில்லை! அப்படியானால் இறங்க வேண்டியதுதானே. நான் எவ்வளவு நடுங்கிக்கொண்டு இறங்கினேன்.

அந்த வாரம் வீட்டில் பேச்சு குறைந்தது. அப்பா பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் காலை ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிடுவார், அம்மா பரிமாறுவார், கரண்டிச் சத்தம் மட்டும் கேட்கும். அப்பா சபை நிர்வாகத்தைக் கவனிக்கும் உதவிக்காரர்களில் ஒருவர், பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த விசுவாசத்துக்குள் வந்தவர். அவர் எந்தப் பக்கம் என்று அம்மா கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சனிக்கிழமை அவர் மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்று, நான் எப்படி ஓட்டுப் போடவேண்டும் என்று கேட்டேன். கணக்குப் பாடத்திலிருந்து காலணி அளவு வரை எல்லாவற்றையும் சொல்லித்தருகிற அப்பா, ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நான் தப்பித்துக்கொள்வேன்.

“அத நா சொல்லக்கூடாது லா,” என்றார். “ஒனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல யாரும் வரக்கூடாதுன்னுதான நம்ம சபையே இருக்கு. அப்பாவும் வரமாட்டேன்.”

சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்துகொண்டார். எனக்கு வந்த கோபத்தில் வாளியை உதைக்கலாம்போல இருந்தது.

அன்று மாலை நானே ஒரு கணக்குப் போட்டேன். தீர்மானம் வென்றால் அம்மா மூழ்காமலே உறுப்பினர் ஆகிவிடுவார். பிறகு எந்தக் காலத்திலும் மூழ்கமாட்டார். ஞானஸ்நான வகுப்பில் நான் ஒப்பித்ததெல்லாம் உண்மை என்றால் அது அம்மாவுக்கு ஆபத்து. தீர்மானம் தோற்றால்? வகுப்பை விட்டுவிட அம்மாவுக்கு மனம் வராது. பயமும் இல்லையாம். அடுத்த மாதமே பலகையைத் தூக்குவார்கள், அம்மா வெள்ளை அங்கியோடு இறங்குவார், நான் துண்டோடு கரையில் நிற்பேன். பெரியப்பாவுக்கும் சந்தோஷம், அம்மாவுக்கும் வகுப்பு, திருவிருந்துத் தட்டும் எங்கள் இரண்டு பேருக்கும். பெரியவர்கள் யாருக்கும் இது தோன்றவில்லையே என்று எனக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உறுப்பினர் அல்லாதவர்கள் கீழே போகலாம் என்று செயலாளர் அங்கிள் அறிவித்தார். மாடியில் ஆலயம், கீழே சமையலறை. அதுவரை நானும் அம்மாவோடு இறங்கிவிடுவேன். அன்று நான் உட்கார்ந்திருக்க, அம்மா மட்டும் எழுந்தார். போகிற போக்கில் என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுப் போனார். கூட்டம் முடிந்து எல்லோருக்கும் சாப்பாடு அன்று அவர் பொறுப்பு. சமையல் பட்டியலுக்கும் கூட்டிப் பெருக்கும் பட்டியலுக்கும் உறுப்பினராக இருக்கவேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

முப்பத்தாறு பேர் இருந்தோம். இருபத்து நான்கு வாக்கு வேண்டும் என்று பாஸ்டர் சொன்னார். சிலர் பேசினார்கள். ஒன்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவரின் விசுவாசத்தை இன்னும் எதை வைத்து அளக்கப்போகிறோம் என்று ஓர் அக்கா கேட்டார். பின்வரிசையில் யாரோ ஆமென் என்றார்கள். பிறகு பெரியப்பா எழுந்தார். சத்தம் போடுவார் என்று பயந்தேன். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசினார்.

“நா அந்தத் தொட்டியில எறங்குன அன்னைக்கு எங்கப்பா என்ன வீட்ட விட்டு அனுப்பிட்டாரு. அவரு சாவுக்குக்கூட என்ன உள்ள விடல. மூழ்காமலே சேரலாம்னா, நா அன்னைக்கு எதுக்கு எறங்குனேன்? அதுக்கு யாராவது பதில் சொல்லுங்க, நா உக்காந்துக்கிறேன்.”

அப்பா தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழேயிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது.

சீட்டுகளைக் கொடுத்தார்கள். கூடவே நீல நிறப் பேனாக்கள் கைமாறி வந்தன. எனக்கு அது தேவைப்படவில்லை. பிறந்தநாளுக்கு அம்மா வாங்கித் தந்த பச்சைப் பேனா பையில் இருந்தது. முக்கியமான எதையும் அதில்தான் எழுதுவேன். அப்பா தன் சீட்டை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். பெற்ற மகளிடமிருந்து மறைக்கிறாரே என்று நானும் மறைத்துக்கொண்டேன். ‘இல்லை’ என்று எழுதி நான்காக மடித்துப் பெட்டிக்குள் போட்டேன்.

செயலாளர் அங்கிள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். பத்தொன்பது ஆம் வரை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். அதன்பிறகு இல்லை, இல்லை, ஆம், இல்லை. கடைசியில், ஆம் இருபத்து மூன்று, இல்லை பதிமூன்று என்றார். தீர்மானம் தோற்றது என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு, சீட்டுகளைக் கசக்கிக் கதவோரக் குப்பைக்கூடையில் போட்டார். ஒரு வாக்கு. எனக்கு முதலில் தோன்றியது வெற்றி, நினைத்தது நடந்துவிட்டது என்றுதான். அந்த அக்கா அழத் தொடங்கியபோதுதான் கீழே போகும் படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

பாஸ்டர் கீழே போய் அம்மாவிடம் சொன்னார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, தன் பையிலிருந்து வகுப்பின் வருகைப் பதிவேட்டை எடுத்து அவரிடம் கொடுத்தார். காலையிலேயே அதைக் கொண்டுவந்திருந்தார். பிறகு முப்பத்தாறு பேருக்கும் மீகூன் என்கிற அரிசிச் சேமியா பரிமாறினார், கூடவே மிளகாய்ச் சம்பலில் ஆளுக்கு ஒரு முட்டை. பெரியப்பா தட்டை நீட்டிக்கொண்டு நிமிராமல் நின்றார். அவருக்கும் ஒரு முட்டை. போதுமா அத்தான் என்று கேட்டதற்கு அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். அந்த மாதம் பெருக்கும் முறை எங்கள் வீட்டுக்கு. வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கையில் காலியான குப்பைக்கூடை. நேராக என்னிடம் வந்து, தனக்கென்று எடுத்துவைத்திருந்த முட்டையை என் தட்டில் வைத்தார். என் தலையில் ஒரு நொடி கை வைத்துவிட்டுப் போனார். அம்மாவுக்கு எதுவும் தெரியாது, தெரிந்தால் முட்டை வைப்பாரா என்று எண்ணிக்கொண்டேன். அந்த நிம்மதியில் இரண்டு முட்டையையும் தின்றேன்.

மறுநாள் பள்ளி விட்டதும் அம்மா என்னைச் சூலியா தெருவுக்குக் கூட்டிப்போய் ஒரு கடையில் நீலப் பேனா வாங்கித் தந்தார்.

“பச்ச வீட்டுக்கு வச்சிக்க,” என்றார். “சபையில எழுதுறப்ப இதுல எழுது.”

பச்சை மை ஆலயத்துக்கு மரியாதை இல்லைபோலும் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஒவ்வொரு மாதமும் பலகையைத் தூக்கும்போது அம்மாவுக்காகத்தானோ என்று பார்த்தேன். யார் யாரோ இறங்கினார்கள், அம்மா இறங்கவேயில்லை. தோற்றவர்கள் வேறு வழியில்லாமல் ஒத்துக்கொள்வார்கள் என்று நான் போட்ட கணக்கில், அம்மாவுக்கும் ஒரு மனசாட்சி இருக்கும் என்பதைச் சேர்க்க மறந்திருந்தேன். சின்னப் பிள்ளைகளின் வகுப்பு வேறொருவரிடம் போனது. மீனாக யாரும் தவழவில்லை.

இருபது வருடம் கழித்து, சபையின் செயலாளராக நான் முதன்முறை வாக்குச்சீட்டுகளை எண்ணினேன். நீல எழுத்துகளுக்கு நடுவே ஊதா மையில் ஒரு சீட்டு வந்தது. யாருடையது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது, சபைப் பையன் ஒருவனின் கையில் அந்தப் பேனாவைக் காலையில்தான் பார்த்திருந்தேன். எண்ணுவதை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டேன். கூட்டம் முடிந்து, கசக்கிய சீட்டுகள் கிடந்த கூடையைக் கையில் எடுத்தபோது என்னால் படியிறங்க முடியவில்லை. கீழே சாப்பாட்டு மேசையருகே அம்மா நின்றிருந்தார்.

அன்று கூடையில் எதைப் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் இன்றுவரை சொன்னதில்லை. விதி இன்னும் மாறவில்லை. திருவிருந்து ஞாயிறுகளில் தட்டு முதலில் அம்மாவிடம்தான் வருகிறது. அவர் எதையும் எடுக்காமல் அதை என் பக்கம் திருப்புகிறார். நான் எடுத்துக்கொள்ளும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறார்.