எத்தினை நாள் நிப்பீங்கள்?

எங்கள் ஆட்களின் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தேத்தண்ணி வரும், அதற்குப் பின்னால் "எத்தினை நாள் நிப்பீங்கள்?" என்ற கேள்வி வரும். போகச் சொல்வதற்காக யாரும் அதைக் கேட்பதில்லை. இன்னும் கொஞ்ச நாள் நில்லுங்கோ என்று மறிப்பதற்கு அது ஒரு தொடக்கம், அவ்வளவுதான். கனடாவில், எங்கள் மல்வேர்ன் வீட்டின் கீழ்த்தள பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்த ஐஸ்லாந்துப் பெண்ணுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? வருகிறவர்கள் எல்லோரும் கேட்டுக் கேட்டு, அவள் பாடமாக்கிய முதல் தமிழ் வசனமே அதுவாகிப் போனது. பதிலும் ஒன்று பழகி வைத்திருந்தாள். "தெரியாது, அன்ரி."

உண்மையிலேயே அவளுக்குத் தெரியாது. அவள் தொழில்முறை உதைபந்தாட்டக்காரி, இருபத்திரண்டு வயது. நகரத்தின் பெண்கள் அணி ஒன்று அந்த ஆட்டப் பருவம் முடியும் வரைக்கும்தான் அவளை எடுத்திருந்தது. பிறகு வைத்திருப்பார்களா, அனுப்பிவிடுவார்களா என்பது கோச்சுக்குத்தான் வெளிச்சம். பதினைந்து வயதிலேயே தன் ஊர் அணிக்குப் பெரியவர்களோடு ஆடத் தொடங்கியவள். சுவீடனுக்குப் போனாள், அங்கே இடது முழங்காலில் சவ்வு கிழிந்து அறுவைச் சிகிச்சை. நோர்வேக்குப் போனாள், அங்கே பருவம் முழுக்க மைதானத்துக்கு வெளியே வாங்குப் பலகையில் இருந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தாள். எங்களிடம் வந்தபோது மூன்றாவது நாடு.

"இந்த அணிக்காரரும் வேண்டாமெண்டால் நாலாவதா ஒருத்தரும் கூப்பிட மாட்டினம்," என்று ஒருநாள் என் குசினியில் இருந்து ஆங்கிலத்தில் சொன்னாள். நான் அதைத் தமிழில்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன். ஊருக்குத் திரும்பினால் தகப்பன் வேலை செய்யும் மீன் தொழிற்சாலையில் சேர வேண்டியதுதானாம். அதை அழுதுகொண்டு சொல்லவில்லை. இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்துக்கொண்டு, அடுத்த பஸ் எப்போது என்று கேட்பதைப் போலச் சொன்னாள். அன்றைக்கே முடிவெடுத்தேன், அந்தக் கேள்வியை நான் மட்டும் இவளிடம் கேட்பதில்லை என்று.

நான் பஸ் ஓட்டுகிறவள். நேரம் என்றால் எனக்கு நேரம்தான். ஒரு நிமிடம் பிந்தினால் ஸ்காபரோவில் பாதிப் பேர் என்னைத் திட்டுவார்கள், அதனால் நானும் பிந்துகிற ஆட்களைத் திட்டுவேன். என் கணவர் வீட்டு ஆட்கள் எல்லோரும் அந்தக் கணக்கில் வருகிறவர்கள். உதைபந்தாட்டத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பந்து வலைக்குள் போனால் கோல் என்பதோடு சரி. ஆனால் இந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டது, ஏனென்றால் சொன்ன நேரத்துக்கு வருவாள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஐஸ்லாந்துக்காரருக்கும் எங்களைப் போலக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பனின் பெயரோடு 'மகள்' என்று ஒட்டிவிடுவார்களாம். அதைக் கேட்டதும் நான் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி புரையேறிவிட்டது. வேலையிடத்தில் இத்தனை வருடமாக எல்லோரும் என்னை என் அப்பாவின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். மைதானத்து ஒலிபெருக்கியில் அவளையும் அவளுடைய அப்பாவின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களாம். இரண்டு அப்பாமாரும் கனடாவுக்கு வராமலே கனடாவில் பிரபலம் என்று பேசிப் பேசிச் சிரித்தோம்.

பருவம் முழுக்க அவள் ஒரு கோலும் அடிக்கவில்லை. முன்னால் நின்று ஆடுகிறவளுக்கு அது எவ்வளவு பெரிய குறை என்று எனக்கே விளங்கியது. அவள் காட்டும் வீடியோக்களில் பார்ப்பேன், கோல் அடிக்கிற வாய்ப்பு வரும், பந்து இடது காலுக்கு வரும், அவள் அதை வலது காலுக்கு மாற்றுவதற்குள் யாராவது தட்டிப் பறித்துவிடுவார்கள். அந்த முழங்காலை நம்பி உதைக்க இன்னும் பயம் என்று என்னிடம் ஒத்துக்கொண்டாள். கடைசி ஆட்டத்துக்கு முந்திய வாரம் வேறொருத்திக்குக் காலில் அடிபட்டு, இவளைத் தொடக்கத்திலிருந்தே இறக்குவதாகக் கோச் சொல்லிவிட்டார். அவளை வைத்திருப்பதா என்ற முடிவையும் அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் எடுப்பாராம்.

மற்றப் பெண்களுக்கு அம்மா அப்பா, அண்ணன் தம்பி என்று ஆட்கள் வருவார்கள். குடும்பங்களுக்கென்றே முன்வரிசையில் இடம் ஒதுக்குவார்களாம். இவளுடைய வரிசை ஒவ்வொரு முறையும் வெறுமையாகத்தான் கிடந்திருக்கிறது. அதை அவள் சொன்ன மாத்திரத்தில் முழு வரிசையையும் நான் கேட்டு வாங்கிவிட்டேன். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கோல் அடித்தால் நேரே உங்களிடம்தான் ஓடி வருவேன் என்றாள்.

ஆட்டம் சனிக்கிழமை மத்தியானம். விடிந்ததிலிருந்தே எனக்குக் கை கால் ஓடவில்லை. கணவர் வீட்டு ஆட்களுக்கோ எதுவுமே ஓடவில்லை. மச்சாள், அதாவது கணவரின் அக்கா, பக்கத்து வோபர்னிலிருந்து வந்து என் குசினியில் ஆட்டிறைச்சி றோல்ஸ் பொரித்துக்கொண்டு நின்றா.

"மச்சாள், அங்க சாப்பாடு விப்பினம். வெளிக்கிடுங்கோ."

"அவங்கட சாப்பாட்டை ஆர் தின்னுறது? பிள்ளையும் விளையாடிக் களைச்சுப்போய் வரும்."

"என்னப்பா, வானை ஸ்ரார்ட் பண்ணுங்கோ!" என்று கணவரைப் பார்த்துக் கத்தினேன். அவர் குளித்துவிட்டு அப்போதுதான் சட்டை தேடத் தொடங்கியிருந்தார். "உவை சொன்ன நேரத்துக்கே தொடங்குவினமே?" என்றார். எங்கள் கலைவிழா எதுவும் சொன்ன நேரத்துக்குத் தொடங்கியதில்லை, உண்மைதான். அதற்காக உலகமே எங்கள் கலைவிழாவா?

இரண்டு வான் வண்டிகளில் மைதானத்துக்குப் போய் இறங்கினோம். வாசலில் பை சோதிக்கிற பெடியன் றோல்ஸ் தட்டைப் பார்த்து, முடியாது என்று தலையாட்டிவிட்டான். வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள். பக்கத்தில் குப்பைத் தொட்டி. அதற்குள் போடச் சொன்னதுதான் தாமதம், மச்சாளின் முகம் சிவந்துவிட்டது. இறைச்சியைக் குப்பையில் போடுவதா? போடாமல் என்ன செய்வது என்று எங்கள் ஆட்கள் அங்கேயே கூடி ஆலோசித்தார்கள். கடைசியில் கணவர் தீர்ப்புச் சொன்னார். "இதில நிண்டு திண்டு முடிச்சிட்டுப் போவம்." சின்னவர் பெரியவர் எல்லோரும் வாசலிலேயே தின்னத் தொடங்கினார்கள். மச்சாள் அந்தப் பெடியனுக்கும் ஒன்று நீட்டினா. அவனும் வாங்கிக் கடித்துவிட்டுக் கண்ணை விரித்தான்.

உள்ளே ஆட்டம் தொடங்கும் விசில் சத்தம் கேட்டது. அவர்களுடைய ரிக்கெற்றுகளைக் கணவரின் போனுக்கு அனுப்பிவிட்டு, "நீங்கள் திண்டு முடிச்சு நாளைக்கு வாங்கோ!" என்று கத்திவிட்டு உள்ளே ஓடினேன்.

வரிசை முழுக்கக் காலி. நடுவிலே போய் நின்றேன், இருக்க மனம் வரவில்லை. அவள் எங்கள் பக்கமாகத்தான் ஆடிக்கொண்டிருந்தாள். ஒருமுறை தலையைத் திருப்பி வரிசையைப் பார்த்தாள். நான் இரண்டு கையையும் காற்றாடி மாதிரி ஆட்டினேன்.

பிறகு நடந்ததெல்லாம் ஒரு மூச்சுக்குள். நடுவிலிருந்து யாரோ ஒருத்தி நீளமாகப் பந்தை விட்டாள். இவள் இரண்டு பேருக்கு நடுவால் பிய்த்துக்கொண்டு ஓடினாள். பந்து வந்து விழுந்தது, பார்த்தால் இடது கால் பக்கம். ஐயோ மாத்தப்போறாள், மாத்தப்போறாள் என்று முணுமுணுத்தேன். "அடியடி பிள்ளை!" என்று கத்திவிட்டேன். அவள் மாற்றவில்லை. இடது காலாலேயே அடித்தாள். கோலுக்குக் காவல் நின்றவள் பாய்ந்த பாய்ச்சல் எல்லாம் வீண், பந்து வலையின் மூலைக்குள் போய் விழுந்தது.

எனக்கு என்ன நடந்ததென்றே தெரியாது. சீற்றுக்கு மேலே ஏறி நின்று குளறினேன். அவள் தன் அணிக்காரிகளின் கையில் பிடிபடாமல், சொன்ன வாக்குத் தவறாமல் எங்கள் வரிசையைப் பார்த்து ஓடி வந்தாள். வரிசையில் நான் ஒருத்திதான். அவளுக்கு அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளும் கையைப் பிடித்துக்கொண்டு துள்ளினோம். பிறகு வீடியோவில் பார்த்தோம், "இதோ அவருடைய குடும்பத்தினர்!" என்று வர்ணனையாளர் குரல் கொடுக்க, வெறும் சீற்றுகளுக்கு நடுவில் என் கறுத்த முகம் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு தெரிந்தது. ஐஸ்லாந்தில் அவளுடைய அப்பா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாராம்.

கோல் விழுந்த பிறகுதான் என் ஆட்கள் உதட்டைத் துடைத்துக்கொண்டு ஊர்வலமாக வந்து சேர்ந்தார்கள்.

"எத்தினை?" என்றார் கணவர்.

"ஒண்டு."

"ஆர் அடிச்சது?"

நான் அவரைப் பார்த்த பார்வையில் மேற்கொண்டு கேட்காமல் இருந்துவிட்டார்.

அந்த ஒரு கோலோடு ஆட்டத்தை வென்றார்கள். எனக்கு அது போதவில்லை, ஏனென்றால் முடிவு விசில் ஊதியதும் கோச் அவளைத் தனியே கூட்டிக்கொண்டு போனார். தோளில் கை வைத்து நெடுநேரம் பேசினார். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நல்ல கதையா, கெட்ட கதையா? ஒன்றும் விளங்கவில்லை. குடும்பங்கள் மைதானத்துக்குள் இறங்கலாம் என்று கதவைத் திறந்துவிட, எங்கள் ஆட்கள் முதல் ஆட்களாக இறங்கினார்கள். நான் மட்டும் வேலியைப் பிடித்துக்கொண்டு வரிசையிலேயே இருந்தேன்.

அவள் திரும்பி வர, மச்சாள் கட்டிப்பிடித்தா. "நல்ல கோல் பிள்ளை! எல்லாரும் பாத்தனாங்கள்!" பக்கத்தில் நின்ற பொடிசு ஒன்று அதை ஆங்கிலமாக்கியது.

அவள் முகத்தில் குறும்பு. எந்தக் காலால் அடித்தேன் என்று கேட்டாள்.

"வலது கால்தான்!" என்றா மச்சாள், கொஞ்சமும் கூசாமல்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு ஒரு பந்தை எடுத்து வைத்தாள். என் கணவரைப் பிடித்துத் தடுக்கிறவர் இடத்தில் நிறுத்தினாள், பொடிசைக் கோல் கம்பத்துக்கு அனுப்பினாள், ஓடி வந்து அதே கோலை அதே இடது காலால் இன்னொரு தடவை அடித்தாள். கணவர் வழுக்கி விழுந்தார். எங்கள் ஆட்கள் இந்தமுறை நேரத்துக்குக் கத்தினார்கள், மைதானமே திரும்பிப் பார்த்தது. அவள் முதல் தடவை மாதிரியே கையை விரித்துக்கொண்டு என் வரிசைக்கு ஓடி வந்தாள். மறுபடியும் நான் ஒருத்திதான் இருந்தேன்.

வேலியில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். கோச் என்ன சொன்னார் என்று கேட்க வாயெடுத்தேன், அவள் முந்திக்கொண்டாள்.

"அன்ரி," என்றாள் தமிழில். "கேளுங்கோ."

எதை என்று எனக்கு விளங்கிவிட்டது. இத்தனை மாதமும் கேட்காமல் அடக்கி வைத்திருந்த கேள்வி.

"எத்தினை நாள் நிப்பீங்கள்?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருசம்," என்றாள்.