ஓடினாள்

மர்மக்கதை எழுதுகிறவர்களுக்குத் தமிழே எதிரி. வினைமுற்றைப் போட்டால் போதும், திருடியது ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால் கதைக்காரி பத்து வருஷமாகத் தன் திருடர்களை "உருவம்" என்றே எழுதிவந்தாள். உருவம் வந்தது, ஒளிந்தது, ஓடியது. கடைசி அத்தியாயம் வரை யாரிடமும் மூச்சுவிடமாட்டாள்.

சிறுவர் வாரப் பத்திரிகையில் வந்த அவள் தொடரில், ஒரே வகுப்பில் படிக்கும் மூன்று பையன்களும் ஒரு பெண்ணும் துப்பறிவார்கள். பெண்ணுக்குத் தன் மகளின் செல்லப்பெயரையே வைத்திருந்தாள்: வாலு. நிஜ வாலு அந்தப் பெருமையில் ஆறாம் வகுப்பையே ஆட்டிவைத்துக்கொண்டிருந்தாள்.

இந்தமுறை களவுபோனது பள்ளிக்கூடத்து மணி. எடுத்தவர் கணக்கு வாத்தியார். ஏழாம் அத்தியாயம் எழுதும்போது, எதிரே வாலு கட்டிலிலிருந்து குதித்துக் குதித்து உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள். கதைக்காரியின் கை தன்பாட்டுக்கு எழுதிவிட்டது: "சுவரேறிக் குதித்து ஓடினாள்." பிழை திருத்துபவர் கண்ணிலும் படாமல் அச்சாகிவிட்டது.

அந்தக் கதையில் பெண் என்று இருந்தவள் வாலு ஒருத்திதான்.

பொடிசுகள் கண்ணில் மண்ணைத் தூவ முடியுமா? அன்றைக்கே வகுப்பில் "மணித்திருடி" என்று பட்டம் கட்டிவிட்டார்கள். யாருடைய பென்சில் தொலைந்தாலும் வாலுவின் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். ஐந்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு போய்வந்தவள், ஆறாம் நாள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"வெட்டிப்போட்டாலும் போகமாட்டேன்."

கதைக்காரி பத்திரிகை ஆபீசுக்கு ஓடினாள். "எழுத்துப் பிழைன்னு ஒரு வரி போடுங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"பிழையாவது ஒண்ணாவது!" என்றார் எடிட்டர். "மூட்டை மூட்டையா லெட்டர் வருதும்மா. வாலுதான் திருடின்னு முடிச்சிடுங்க. திங்கக்கிழமை மதியத்துக்குள்ள வரலன்னா நானே எழுதிடுவேன்."

மாடிப்படியில் உட்கார்ந்து வெட்கத்தைவிட்டு அழுதாள். பெற்ற பிள்ளைமேல் சேற்றை வாரி இறைத்தது தன் கைதானே என்று தலையில் அடித்துக்கொண்டாள். திடீரென்று ஒரு பள்ளிக்கூட ஆயாவைத் திருடியாகக் கொண்டுவந்து நிறுத்தலாம்தான். பொடிசுகள் காறித் துப்பும். நான்கு முடிவு எழுதி நான்கையும் கிழித்தாள். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு, வேறு வழியே இல்லாமல் எழுதினாள்:

"ஓடியவள் வாலு இல்லை. இந்தக் கதையில் இன்னொரு பெண் இருக்கிறாள், இதை எழுதுகிறவள். மணியை எடுத்தது நான்தான். வாலுதான் என்னைக் கண்டுபிடித்தாள்."

எடிட்டர் தலையைச் சொறிந்தார். "இதுக்கும் லெட்டர் வரும்" என்று அச்சுக்கு அனுப்பினார்.

இதழ் வந்த அன்று வாலு பள்ளிக்கூடம் போனாள். சாயந்திரம் பொத்தான் அறுந்த சட்டையும் முகமெல்லாம் நகக்கீறலுமாகத் திரும்பி வந்தாள்.

"ஐயோ, இன்னுமாடி உன்னைச் சொல்றாங்க?"

"என்னை இல்ல. உன்னைத் திருடின்னாங்க. மூணு பேரை அடிச்சிட்டேன். டீச்சர் நாளைக்கு உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

"அது கதைதானேடி!"

"தெரியும்." வாலு தேம்பினாள். "ஆனா என்னைச் சொன்னப்பகூட இப்படி வலிக்கலம்மா."

 கதைக்காரி மருந்துப் புட்டியை எடுத்துவந்து, மகளின் கீறல்களில் ஒவ்வொன்றாகத் தடவிவிட்டாள்.