திருப்பி மாட்டிய படம்

பல் மருத்துவக் கல்லூரியில் அவளுக்குக் குறடு என்று பட்டப்பெயர் வைத்தவர்கள் கூடப் படித்த பையன்கள்தான். நாற்பது பேர் வகுப்பில் பெண்கள் மூன்றே மூன்று பேர். கையுறைகூட ஆண்கள் அளவில் மட்டுமே வாங்கி வைத்திருந்த காலம். விரல் நுனிகள் தொளதொளவென்று ஆட, மணிக்கட்டில் ரப்பர் பேண்டு மாட்டிக்கொண்டு வேலை பார்த்தாள். "பல்லு புடுங்கத் தோள்ல பலம் வேணும்மா, இதென்ன தையல் வேலையா?" என்பார் பேராசிரியர்.

இறுதித் தேர்வில் ஆட்டமே காணாத கீழ்க் கடைவாய்ப்பல்லோடு ஒரு ஆஜானுபாகுவை அவள் நாற்காலிக்கு அனுப்பினார்கள். வேண்டுமென்றேதான். அவள் இழுக்கவே இல்லை. பல்லைப் பிடுங்கும் குறட்டை ஆழமாக இறக்கிப் பிடித்து, கன்னத்துப் பக்கம், நாக்குப் பக்கம் என்று பொறுமையாக அசைத்து இடம் பண்ணினாள். பல் தானே எழுந்து வந்தது. பேராசிரியர் அதை வாங்கி, வேர் முழுசாக இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அதிர்ஷ்டம்தான்" என்றார். பட்டப்பெயர் வந்தது அன்றைக்குத்தான்.

கூடப் படித்தவரையே கல்யாணம் செய்துகொண்டாள். இருவருக்கும் ஒரே பட்டம். மதிப்பெண் அவளுக்குத்தான் கூடுதல். ஆனால் கிளினிக் வாசல் பலகையில் அவர் பெயர் மட்டும். "முதல்ல ஆளுங்க வரட்டும், அப்புறம் உன் பேரையும் சேர்த்துடலாம்" என்றார். ஆட்கள் வந்தார்கள். அவளை நர்சம்மா என்று கூப்பிட்டார்கள். முதல் இரண்டு வருஷம் திருத்திப் பார்த்தாள். வாய் வலித்ததுதான் மிச்சம். அப்புறம் விட்டுவிட்டாள்.

அவர் மோசமான ஆளில்லை. வாய்ப்பேச்சில் கெட்டிக்காரர், பயந்து வருகிறவர்களைச் சிரிக்க வைத்துவிடுவார். அடம்பிடிக்கிற பல் என்றால் மட்டும், "இத நீ பாரேன்" என்று நகர்ந்துகொள்வார். அவள் எடுப்பாள். வந்தவர்கள் போகும்போது அவரைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். இப்படியே இருபத்திரண்டு வருஷம்.

இந்த வருஷம் பலகையில் துரு ஏறி, புதிதாக எழுத ஏற்பாடு நடந்தது. "என் பேரையும் போட்டுடுங்க" என்றாள். "போட்டாப் போச்சு" என்றார் அவர். அன்று சமையலறையில் அவள் தன் பெயரை ஒரு முறை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். முன்னால் டாக்டர் சேர்த்து.

அந்த வாரம்தான் தையல்கடைக்கார அம்மா பல்வலியோடு வந்தார். அவள் எக்ஸ்ரே எடுத்து, விளக்குப் பெட்டியில் மாட்டிவிட்டு, மகளின் பள்ளிக்கூடம் வரை போய்வரக் கிளம்பினாள். அந்தச் சின்னப் படத்தின் மூலையில் ஒரு புள்ளி மேடாக இருக்கும். மேடு பார்ப்பவர் பக்கம் இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் இடது வலதாகிவிடும். இரண்டாம் வருஷத்துப் பாடம் இது. அவர் போன் பேசிக்கொண்டே படத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, திருப்பி மாட்டிவிட்டார். எந்தப் பக்கம் வலி என்று கேட்கவும் இல்லை. அந்த அம்மாவுக்கு இரண்டு பக்கமும் அடைத்த பற்கள், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இடதுபக்கத்துச் சொத்தை அப்படியே இருக்க, வலதுபக்கத்து நல்ல பல் போய்விட்டது.

அவள் திரும்பி வந்தபோது தையல்கடைக்கார அம்மாவின் கணவர் நடுக்கூடத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார். அவள் கண் நேராக விளக்குப் பெட்டிக்குப் போனது. புள்ளி குழிந்து தெரிந்தது.

"படத்தத் திருப்பி மாட்டிட்டாங்க" என்று அவள் வீட்டுக்காரர் அவளைக் கை காட்டினார். "வீட்டம்மா. சும்மா உதவிக்கு நிப்பாங்க."

கோபம் வரும் என்று அவளே காத்திருந்தாள். வரவில்லை. கை கழுவுகிற தொட்டியில் தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது.

அன்று மாலை அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்த நேரத்துக்கு வாயில வந்துடுச்சு. என் பேரு கெட்டா கிளினிக்கே போச்சுல்ல?"

"அவங்க மறுபடி வரும்போது உண்மையச் சொல்லிடுங்க. நானும் டாக்டர்னு சொல்லுங்க. அப்புறம் பலகை எழுதலாம்."

"சொல்றேன். கண்டிப்பா சொல்றேன்."

பத்து நாள் கழித்து, இடதுபக்கத்துச் சொத்தைப் பல்லை எடுக்க அந்த அம்மா வந்தார். "அவங்க பக்கத்துல வரக்கூடாது சார்" என்றுதான் உட்காரவே செய்தார். அவர் தலையாட்டினார். அவள் கருவிகள் வைக்கும் அறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது சொல்வார் என்று நினைத்தாள். ஊசி போட்டபின் சொல்வார் என்று நினைத்தாள். இருபது நிமிஷம் கழித்து பல்லின் மேல்பாதி நொறுங்கும் சத்தம் கேட்டது. வேர்கள் உள்ளேயே நின்றுவிட்டன. அவர் நெற்றி வேர்வையோடு எட்டிப் பார்த்து, கண்ணால் கூப்பிட்டார்.

"வெளிச்சம் கண்ணுல அடிக்கும்மா" என்று சொல்லி அந்த அம்மாவின் கண்களின் மேல் துண்டை மடித்துப் போட்டார்.

அவள் வந்து நின்றாள். அவர் தலைமாட்டில் நின்று, அந்த அம்மாவின் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். அவள் நெம்பியை வேருக்கும் எலும்புக்கும் நடுவே விட்டு, ஒன்றை எடுத்தாள். வளைந்த இன்னொன்றுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அதுவும் முழுசாக வந்தது. பஞ்சை வைத்து, தாடையை விரலால் மெல்ல மூடினாள்.

துண்டுக்கு அடியிலிருந்து அந்த அம்மா குழறிக் குழறிக் கேட்டார்: "இப்பத்தான் சார் உங்க கை லேசா இருந்துச்சு. அவங்க வெளியதான இருக்காங்க?"

அவர் அவளைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள்.

"ஆமாம்மா. வெளியதான்" என்றார்.

அவள் வேர்கள் கிடந்த தட்டை எடுத்துக்கொண்டு, துண்டை அவர் எடுப்பதற்குள் வெளியே போய், காத்திருப்பவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்தாள்.