பதினோரு ஆஸ்பத்திரி பார்த்த தேவகனி

முதலில் கழிவறையைத்தான் பார்ப்பாள் தேவகனி. வரவேற்பறைப் பெண் சிரித்தபடி டோக்கன் நீட்டும்போதே, "பாத்ரூம் எங்க பிள்ளே?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே நடந்துவிடுவாள். ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று இருபது பெண்களுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடிக்கக் கொடுத்து வரிசையாக உட்கார வைத்துவிட்டு, கழிவறை ஒன்றே ஒன்று, அதற்கும் தாழ்ப்பாள் கிடையாது என்றால், அந்த ஆஸ்பத்திரி அவள் கணக்கில் அங்கேயே ஃபெயில். "மூத்திரம் முட்டி இருக்கியவள பத்தி ஓர்மை இல்லாதவன், பிறக்காத பிள்ளைய பத்தியா ஓர்மை வைப்பான்?" என்பாள்.

அடுத்து, சுவரில் இருக்கும் குழந்தைப் படங்கள். நாகர்கோவிலில் புதிதாகத் திறந்த ஒரு குழந்தைப்பேறு மையத்தில் நாற்பது குழந்தைகள் சுவர் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தன. எல்லாம் எங்கள் கைராசி என்று மேலே எழுதியிருந்தது. அதில் ஒரு குழந்தை தேவகனி வீட்டு உரக்கடைக் காலண்டரிலும் அதே மஞ்சள் சட்டையோடு, அதே இரண்டு பல்லோடு சிரிக்கிறது. "கொள்ளாம். இந்தப் பிள்ளைக்கு ரெண்டு எடத்தில வேலை" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு வந்தாள்.

இராஜாக்கமங்கலம் சந்திப்பில் அவளுக்குத் தையல் கடை. வயது நாற்பத்திரண்டு. கல்யாணமான மறு வருடம் தொடங்கி ஒன்பது வருடத்தில் நாகர்கோவிலில் நான்கு, மார்த்தாண்டத்தில் இரண்டு, திருநெல்வேலியில் இரண்டு, மதுரையில் ஒன்று, திருவனந்தபுரத்தில் இரண்டு என்று பதினோரு ஆஸ்பத்திரி ஏறி இறங்கினாள். குழந்தை வரவில்லை, ஞானம் வந்தது. பிளவுசுக்கு அளவு கொடுக்க வருகிற சாக்கில் பெண்கள் அந்த ஞானத்தைத் தேடி வருவார்கள். கழுத்து இறக்கம் எவ்வளவு என்பதில் தொடங்குகிற பேச்சு, நாலாவது நிமிடத்தில், "எக்கா, எந்த ஆஸ்பத்திரி நல்லது?" என்று வந்து நிற்கும்.

யாராவது வண்ண நோட்டீசை நீட்டி, "எழுபது சதவீதம் வெற்றியாம்" என்றால், இவள் வாயிலிருக்கும் குண்டூசிகளைக் கையில் துப்பிக்கொள்வாள். "எழுபது எதுல? நூறு பேரு வாசல் ஏறினதிலயா, நூறு பேருக்கு ஊசி குத்தினதிலயா? டெஸ்டில பாசிட்டிவ்னு ஒரு கோடு விழுந்தாலே அவிய ஜெயிச்சதா எழுதிக்கிடுவாவ. மூணாம் மாசம் கலைஞ்சு போனா அது நம்ம கணக்கு. எத்தன பேரு பிள்ளையத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போனான்னு கேளு. பதில் சொல்லுகதுக்கு முன்னால மேனேஜர் தொண்டைய செருமுவான் பாரு."

எல்லோரையும் கேள்வி கேட்கிறவளிடம் ஒருவரும் விடாமல் கேட்பது ஒன்றுதான்: உங்களில் குறை யாருக்கு? "எனக்குத்தான். வேற யாருக்கு?" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிக்கத் தொடங்குவாள்.

இரண்டாயிரத்துப் பதினொன்று நவம்பரில், கடற்கரையிலிருந்து வியாகுலம்மாள் தன் மருமகள் ஜிஷாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நாலு வருடத்தில் ஆறு ஆஸ்பத்திரி, ஒன்பது செவ்வாய் கோயிலில் நவநாள் வேண்டுதல் மூன்று முறை. ஜிஷாவின் வயிற்றில் ஏற்கெனவே ஒரு முறை துளை போட்டுப் பார்த்தாயிற்று. ஏழாவது ஆஸ்பத்திரியில் மறுபடியும் போட வேண்டும் என்கிறார்கள். "இதுவும் செரிப்படல்லன்னா இவள இவ வீட்டில கொண்டு விட்டிரலாம்னு இருக்கேன்" என்றாள் வியாகுலம்மாள், சரியாகத் தைக்காத பாவாடையைத் திருப்பிக் கொடுப்பதுபோல. ஜிஷா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேவகனி ஃபைலைப் புரட்டினாள். தலையணை கனம் இருந்தது.

"இதில மகன் சிஜோக்க ரிப்போர்ட் எங்க மாமி?"

"அவனுக்கு என்னத்துக்கு? அவன் ஆம்பிள்ளையில்லா?"

"பஹ்ரைன்ல இருந்து வருசத்தில எத்தன நாளு வருவான்?"

"நாப்பத்தஞ்சு நாளு."

"அதில பாதி நாளு விருந்து, கல்யாணம், கோயில் திருநாளு. மீதி நாளு கூட்டுக்காரனுவ. பிள்ளை என்ன கார்கோவிலயா வரும்?" என்றாள் தேவகனி. பிறகு குரலைத் தாழ்த்தாமலேயே சொன்னாள்: "மகன் வரட்டும். முதல்ல அவனைப் பாக்கணும். அதுவரைக்கும் இந்தப் பிள்ளை உடம்பில ஒரு ஊசி குத்தப்பிடாது."

ஜனவரியில் சிஜோ வந்தான். வந்த நாலாம் நாள் கடைக்கு முன்னால் பைக்கை நிறுத்திவிட்டு, செண்ட் வாசனையும் கோபமுமாக உள்ளே ஏறினான். கடையில் இரண்டு பெண்கள் துணியோடு நின்றிருந்தார்கள். மூலையில் தேவகனியின் கணவர் ரத்தினம் ஒரு பிளவுசுக்கு ஹூக் வைத்துக்கொண்டிருந்தார். பஸ் கண்டக்டர்; டிக்கெட் கொடுக்கிற நேரம் போக மற்ற நேரத்தில் பேச்சே கிடையாது.

"நான் ஆம்பிள்ளையான்னு டெஸ்ட் எடுக்கச் சொன்னது நீங்கதானா?"

"ஆம்பிள்ளையான்னு யாரு கேட்டா மக்கா? எண்ணிப் பாக்கச் சொன்னேன்" என்றாள் தேவகனி.

பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். சிஜோவின் முகம் சிவந்தது. "கொறை உங்களுக்குன்னு ஊருக்கே தெரியும். உங்க வீட்டுக்காரரு ஒரு டெஸ்டும் எடுக்காம மானமா இருக்காருல்லா? என்னை மட்டும் என்னத்துக்கு இழுக்கிய?"

எந்த மேனேஜருக்கும் வாய் அடங்காத தேவகனி கையிலிருந்த நாடாவைச் சுருட்டினாள், விரித்தாள், மறுபடியும் சுருட்டினாள்.

ரத்தினம் பிளவுசைக் கீழே வைத்தார்.

"கொறை அவளுக்கில்ல மக்கா. எனக்கு."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் தேவகனி.

"ஒம்பது வருசம் சும்மாத்தான் இருந்தேன்" என்றார் அவர். "இவ வயித்தில ஊசியாட்டு குத்துனாவ. பத்து ஆஸ்பத்திரியில ஒருத்தரும் என்னைக் கேக்கல்ல. என்னையும் பாருங்கன்னு நானும் சொல்லல்ல. வாசல்ல பேப்பர் படிச்சிட்டு இருந்தேன். பதினொண்ணாவது எடத்தில ஒரு டாக்டரம்மா கேட்டா. அரை மணிக்கூறு வேலை. ரிசல்ட் வந்தப்போ இவளுக்கு முப்பத்தொம்பது. அண்ணைக்கு பஸ்ஸில வரும்போ இவ ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா, யாரு கேட்டாலும் எனக்குன்னு சொல்லிக்கிடலாம்னு. நானும் செரின்னுட்டேன். அதுதான் மக்கா எனக்க மானம்."

துணியோடு நின்ற இரண்டு பெண்களும் வீட்டுக்குப் போகும் அவசரமே இல்லாதவர்களாக நின்றார்கள்.

"வண்டிய எடு. நானும் கூட வாறேன்" என்று சொல்லி ரத்தினம் செருப்பை மாட்டினார்.

நாகர்கோவிலில் ஒரு சந்துக்குள், தேவகனி முதல் மார்க் கொடுத்திருந்த சின்ன ஆஸ்பத்திரிக்கு இருவரும் போனார்கள். சிஜோவுக்கு விந்தணு எண்ணிக்கை குறைவு. நரம்பு வீங்கியிருக்கிறது, சின்ன ஆபரேஷன், ஒரு வருடம் பொறுத்துப் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார்கள். உறுதி சொல்ல முடியாது என்ற அந்த ஒரு வார்த்தைக்காகவே தேவகனி அதற்கு இன்னும் ஐந்து மார்க் கூட்டினாள். சிஜோ விடுப்பை இரண்டு மாதம் நீட்டினான். ஜிஷாவை அவள் வீட்டில் கொண்டு விடுகிற பேச்சு அதோடு நின்றது. மருமகளுக்குச் சரியில்லை என்று நாலு வருடம் கோயில் வாசலில் சொல்லிக்கொண்டிருந்த வியாகுலம்மாள், இப்போது பஹ்ரைன் வெயிலுக்குத்தான் சரியில்லை என்கிறாள்.

ரத்தினம் கடையில் சொன்ன விஷயம் ஊருக்குத் தெரிய ஒரு நாள்கூட ஆகவில்லை. மறுநாள் அளவு கொடுக்க வந்தவர்கள் வழக்கத்தைவிட அதிகம். பாதிப் பேரிடம் துணியே இல்லை. அவர்களில் ஒருத்தி, "ஏன்க்கா, இத்தன வருசம் பொய்யா சொன்னிய?" என்று கேட்டேவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து ரத்தினம் காலை டிரிப் முடிந்து காக்கிச் சட்டையோடு உள்ளே வந்தார். கூட்டத்தைக் கண்டு வாசலிலேயே தயங்கி நின்றவர், பிறகு தலையைக் குனிந்துகொண்டு மூலையில் போய் உட்கார்ந்தார். முதுகெல்லாம் வியர்வை.

தேவகனி எழுந்து, தன் மெஷினுக்கு நேராக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைத் தூக்கி, அவர் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தைக்கத் தொடங்கினாள்.