என் இடது பாதத்தைப் பார்த்தவர்கள்

நாய் நக்குவதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

தீமிதித் திருவிழா முடிந்த மறுநாள் மாலை. எங்கள் லயத்து வரிசை வீட்டின் இஸ்தோப்பில் (முன் வராந்தாவில்) கால் நீட்டி உட்கார்ந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தைத் திருப்பும்போது தற்செயலாகக் கீழே பார்த்தேன். எங்கள் நாய் டோனி என் இடது உள்ளங்காலை நக்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. ஈரம் தெரியவில்லை, சூடு தெரியவில்லை, கூச்சமும் இல்லை. யாரோ ஒருவருடைய காலை யாரோ ஒருவருடைய நாய் நக்குவதைப் பார்ப்பதுபோல இருந்தது.

அப்போதுதான் முதன்முதலாக அந்த எண்ணம் வந்தது: இந்தக் கால் என்னிடம் எதையும் சொல்வதில்லை.

நான் அப்போது இலங்கை மலையகத்தில், பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தொண்டர் ஆசிரியர். உயர்தரப் பரீட்சை முடித்திருந்தேன். போர் நிறுத்தம் இருந்த காலம். எல்லாமே சீக்கிரம் மாறிவிடும் என்று நம்பிய வயது. தொடையில் வெளிறிய ஒரு படை ஒன்றரை வருடமாக இருந்தது. தேமல் என்று விட்டுவிட்டேன். இதை வாசிக்கும் உங்களுக்கும் அப்படி ஒரு படை இருந்தால், அது அரிக்காமலும் வியர்க்காமலும் இருந்தால், விட்டுவிடாதீர்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் அவ்வளவுதான். மிச்சம் எனக்கு நடந்தது.

திருவிழா அன்று தீக்குழியில் எல்லோரும் ஓடினார்கள். நான் நடந்தேன். வலது கால் ஓடச் சொன்னது. இடது கால் அவசரமே இல்லை என்றது. இரண்டுக்கும் நடுவே நான் நிதானமாகக் கடந்து பால் குழியில் இறங்கியபோது பெண்கள் குலவையிட்டார்கள். கோயில் தலைவர் என் கழுத்தில் மாலை போட்டார். அம்மா அழுதார்.

"அம்மன் ஒன்னைய ஏத்துக்கிட்டா சாமி. இந்தத் தோட்டத்துல யாரும் இப்புடி நடந்ததில்ல."

இடது பாதத்தின் முன்பகுதி முழுவதும் வெந்து கொப்பளித்திருந்தது. வலிக்காததால் அதுவும் அருளாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. மஞ்சள் பூசினார்கள். கொப்பளம் உடைந்து புண்ணானது. டோனி தினமும் வந்து நக்கியது.

"நாய் நாக்குல மருந்து இருக்கு, விடு" என்றார் அம்மா. பக்கத்துக் காம்பரா (லய அறை) அக்காமார் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பெத்த பிள்ளைகூட இப்படிப் பார்த்துக்கொள்ளாது என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பாடசாலைக்குப் பின்னாலேயே வந்து, கடைசி மணி அடிக்கும்வரை வாசலில் படுத்திருக்கும் நாய் அது.

மூன்று வாரமாகியும் புண் ஆறவில்லை. ஒருவரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் பதுளை ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்குக்குப் போனேன். யாழ்ப்பாணத்துப் பெண் டொக்டர் ஒருவர் இருந்தார்.

"கண்ணை மூடுங்கோ தம்பி. நான் தொடுற இடத்தை விரலாலை காட்டுங்கோ."

தொடையில் இரண்டு இடத்தைக் காட்டினேன். பிறகு காத்திருந்தேன். வெகு நேரமாக ஒன்றும் நடக்கவில்லை.

"தொடங்கலாம் டொக்டர்" என்றேன்.

"நான் தொட்டு முடிச்சிட்டன்" என்றார்.

கணுக்காலின் உட்பக்கம் அழுத்திப் பார்த்தார். நரம்பு கயிறுபோலத் தடித்திருந்தது. தொழுநோய் என்றார், குரலை உயர்த்தாமலும் தாழ்த்தாமலும். கிருமியால் வருகிறது, சாபம் இல்லை. பன்னிரண்டு மாத கூட்டு மருந்து (மூன்று வகை மாத்திரைகள் சேர்ந்த அட்டை) இலவசமாகத் தருவார்கள். முதல் மாத மருந்தை விழுங்கிய உடனேயே மற்றவர்களுக்குத் தொற்றும் பயம் ஏறக்குறைய முடிந்துவிடும். நோய் குணமாகும். ஆனால் செத்த நரம்பு திரும்புவது நிச்சயமில்லை.

நான் தலையாட்டினேன். யாருக்கோ பாடம் விளக்குகிறார், நான் கடைசி வாங்கில் (பெஞ்சில்) இருக்கிறேன் என்பதுபோல இருந்தது.

"இந்தக் காலை இனி ஒவ்வொரு நாளும் ஆராவது பாக்கவேணும். உங்களுக்கு அடிப்பாதம் தெரியாது, நோவும் தெரியாது. விட்டால் எலும்பு வரைக்கும் போயிடும். வீட்டிலை ஆர் பாப்பினம்?"

"நாய் பாக்கும்" என்றேன். பகிடியாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"நாயை நக்க விடுறியளோ? அதாலைதான் புண் ஆறேல்லை. இண்டைக்கே கட்டிப்போடுங்கோ."

மாத்திரை அட்டையைப் பாடப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். தீப்புண் என்றே சொன்னேன். அட்டையைச் சத்து மாத்திரை என்றேன். சிறுநீர் சிவந்து போகும் என்று டொக்டர் சொல்லியிருந்ததால் அதற்குப் பயப்படவில்லை. எனக்கென்று ஒரு தட்டு, ஒரு கோப்பை எடுத்து வைத்தேன். அவசியமில்லை என்று டொக்டர் சொல்லியும் வைத்தேன்.

நாயைக் கட்டினேன். நான்கு நாள். அது ஊளையிடவில்லை, சாப்பிடவுமில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. எனக்கு என்ன நோய் என்று அந்த லயத்தில் அறிந்த ஒரே உயிர் அதுதான் என்று எனக்குப் பட்டது. ஐந்தாம் நாள் அவிழ்த்துவிட்டேன்.

இது என் பிழை. நீங்கள் செய்யாதீர்கள்.

சனிக்கிழமை மத்தியானம், மழை. கதவைச் சாத்தாமல் தூங்கிவிட்டேன். எழுந்தபோது படுத்திருந்த சாக்கில் இரத்தம் இருந்தது. டோனி என் இடது கால் சுண்டுவிரலின் ஓரத்தைப் பல்லால் அரித்து எடுத்திருந்தது. வாலை ஆட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தது.

நான் டோனியை விரட்டிய சத்தம் கேட்டு அக்காவின் புருஷன் மாணிக்கம் மச்சான் ஓடிவந்தார். எங்களோடு ஒரே வீட்டில் இருந்தார். ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வேலை. எனக்கும் அவருக்கும் அவ்வளவு ஒத்துவராது. என்னை "மாஸ்டரு" என்று கூப்பிட்டுக் குத்திக் காட்டுவதே அவருக்குப் பொழுதுபோக்கு. காலைப் பார்த்தார். விறகுக் கட்டையை எடுத்தார்.

"சோறு போட்ட கையவே கடிக்கிற நாயி!"

"அடிக்காதீங்க மச்சான். எனக்கு வலிக்கல."

கட்டையோடு அப்படியே நின்றார். "வலிக்கலயா? என்னாடா சொல்ற?"

புத்தகத்துக்குள்ளிருந்து கிளினிக் கார்டை எடுத்து நீட்டினேன். எழுத்துக்கூட்டி வாசித்தார். திருப்பிப் பார்த்தார். அவர் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அது ஒரு பயமாகக்கூட இல்லை, வெறும் கணக்கெடுப்பு: அடுத்து இவர் போவார், பிறகு அக்காவைக் கூட்டிக்கொண்டு போவார்.

"இதுக்குத்தானா இத்தனை நாளா தனித் தட்டு?" என்றார். "மாஸ்டரு ஆயிட்ட திமிருன்னுல்ல நானும் ஒங்க அக்காளும் பேசிக்கிட்டோம்."

பிறகு என்னை முதுகில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினார்.

ஆஸ்பத்திரியில் சுண்டுவிரலை எடுத்தார்கள். விசர்நாய்க் (வெறிநாய்க்) கடிக்கான ஊசியும் போட்டார்கள். நாயைக் கட்டிவைத்துக் கவனிக்கச் சொன்னார்கள். அதற்கு ஒன்றும் வரவில்லை. நன்றிகெட்ட நாய் என்று லயமே திட்டியதாம். முன்பு புகழ்ந்த அதே வாய்கள்.

வார்டில் படுத்தபடி நான் யோசித்தேன். டோனி என்னைக் கடிக்கவில்லை. வழக்கம்போலச் சுத்தம் செய்தது. எந்த நாயும் தன் ஆளுக்கு வலித்தால் நிறுத்தும். நான் "ஆ" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் அதுவும் நிறுத்தியிருக்கும். அதன் பக்கம் விசுவாசம் குறையவில்லை. என் பக்கம்தான் சொல்ல வேண்டியது வரவில்லை. வலி என்பது உடம்புக்கு வரும் தண்டனை என்று நினைத்திருந்தேன். நம்மோடு இருப்பவர்களுக்கு நாம் கொடுக்கும் பதில் அது என்று அந்தக் கட்டிலில்தான் விளங்கியது.

நான் திரும்பி வருமுன் மச்சான் டோனியை ஸ்டோர் வாட்சரிடம் கொடுத்துவிட்டார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தேன். வாட்சருடன் ரவுண்ட் போய்க்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் வந்து மோந்து பார்த்தது, வாலாட்டியது, பிறகு அவர் விசிலடித்ததும் போய்விட்டது. கஷ்டமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை. சரி என்று நடந்தேன்.

நோய் வீட்டாருக்கு மட்டும்தான் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் என் பாதத்தை மச்சான்தான் பார்த்தார். அக்கா பார்த்தால் அழுதாள். அம்மா, அம்மன் கொடுத்ததை டொக்டர் நோயாக்கிவிட்டாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மச்சான் வேலை முடிந்து வந்து, பலகையில் குந்தி, என் காலை மடியில் இழுத்துப் போடுவார்.

"தூக்குடா. துரை மகன் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்காரு."

முதலில் கண்ணால் பார்ப்பார். பிறகு புறங்கையை வைப்பார். அரைத்த தேயிலைக் கொழுந்து தரையில் பரப்பிக் கிடந்து நிறம் மாறும்போது சூடு ஏறுகிறதா என்று புறங்கையால் பார்ப்பது அவர் தொழில். அதே கையை என் பாதத்தில் குதிகாலிலிருந்து விரல்வரை மெதுவாக நகர்த்துவார்.

"இந்த எடத்துல சூடு ஏறுது. நாளைக்கி நடக்காத."

கிளினிக்கில் சொன்னபோது டொக்டர் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். தோல் உடைவதற்கு முன்னால் அந்த இடம் சூடாகும், அதுதான் முதல் அறிகுறி என்றார். "உங்கடை மச்சானுக்கு நாங்கள் சம்பளம் குடுக்கவேணும்."

இதை நான் வந்து சொன்னதும் அவர், "சம்பளத்த ஒங்க அக்காகிட்ட குடுக்கச் சொல்லு. எங்கிட்ட வந்தா தங்காது" என்றார்.

ஒருநாள் கேட்டுவிட்டேன். "மச்சான், ஒங்களுக்கு இதெல்லாம் அருவருப்பா இல்லையா?"

"இருக்கே" என்றார். காலை விடவில்லை. "அதுக்கு என்னா இப்ப? மத்தக் கால கழுவுனியா?"

பன்னிரண்டு அட்டையும் முடிந்தது. நோய் போய்விட்டது என்று கார்டில் எழுதிக் கையெழுத்திட்டார்கள். மாத்திரையால் கறுத்த முகம் மெல்லத் தெளிந்து வந்தது. மெத்தென்ற ரப்பர் அடியுள்ள செருப்பு தந்தார்கள். உணர்வு திரும்பவில்லை. என் இடது கால் எனக்குப் பிந்தியே செய்தி சொல்கிறது: காலையில் மிதித்த கல் மாலையில், மச்சான் கைக்குப் போய், அவர் வாய் வழியாக எனக்கு வருகிறது. உடம்பின் மற்றப் பகுதிகள் இன்றைக்கு வாழ்கின்றன. அந்த ஒரு பாதம் எப்போதும் சற்று முந்திய நேரத்தில் நிற்கிறது. இதற்குப் பழகிவிட்டேன். பழகியது நல்லதா என்று தெரியவில்லை.

இன்றும் அதே பாடசாலைதான். போன வாரம் கீழ் லயத்தில் ஒரு மாணவியைத் தேடிப் போனேன். அவளுடைய தாய், கொழுந்து பறிப்பவர், எனக்குத் தேத்தண்ணி ஊற்ற அடுப்பிலிருந்து கேத்தலை எடுத்தார். கையில் துணி இல்லை. கொதிக்கிற கைப்பிடியை வெறுங்கையால் பிடித்தபடியே என்னோடு பேசிக்கொண்டு நின்றார். அந்தக் கையின் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் உள்ளே மடங்கியிருந்தன. நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

மச்சானிடம் சொன்னேன். அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னால் என் நோய் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும் என்றும், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பமாட்டார்கள் என்றும் சொன்னேன். அவர் புறங்கையை எடுக்காமலே, "அந்தப் பொம்பளைக்கி கை வேணாமா?" என்று மட்டும் கேட்டார்.

இந்த ஞாயிறு பெரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு) இல்லை. மாணவியின் தாய் வீட்டில் இருப்பார். போகப்போகிறேன். உள்ளே போய் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றி, இடது பாதத்தைத் திருப்பி அவருக்குக் காட்டுவேன். அதற்குப் பிறகு என்ன சொல்வதென்று இன்னும் யோசிக்கவில்லை.