எலுமிச்சை மூடிகளும் ஒரு பூஞ்சையும்

2005 மார்ச்சில் என் தங்கைக்கு ஒரு பூஞ்சை அவசரமாகத் தேவைப்பட்டது. புதுச்சேரியில் நுண்ணுயிரியலில் எம்.ஃபில். செய்துகொண்டிருந்தாள். எலுமிச்சை, கொய்யா போன்றவற்றின் தோலில் பெக்டின் என்ற பசை இருக்கிறது. அதைக் கரைக்கும் நொதியை மண்ணில் வாழும் சில பூஞ்சைகள் சுரக்கின்றன. உப்பளத்து மண்ணிலும் அப்படி ஒன்று உண்டா என்பது அவள் ஆய்வு. ஏப்ரல் முடிவதற்குள் கிடைத்தால் பட்டம். கிடைக்காவிட்டால் படிப்பை நிறுத்திவிட்டுக் கல்யாணம் என்று வீட்டில் சொல்லியாகிவிட்டது.

மரக்காணத்தில் எங்கள் தாய்மாமாவுக்கு உப்பளம் இருந்தது. மண் எடுத்து வரும் வேலை எனக்கு. நாள், மணி, காற்றின் திசை, மண்ணின் நிறம் என்று ஒவ்வொரு பாட்டிலிலும் சீட்டு ஒட்டினேன். அப்படிப்பட்ட சீட்டை அவள் துறையில் யாரும் பார்த்ததில்லையாம். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

மண்ணைக் கரைத்து, பெக்டின் கலந்த தட்டில் விட்டுச் சில நாள் வளர்த்தபின் மேலே அயோடின் ஊற்றுவார்கள். தட்டு பழுப்பாகும். பெக்டின் கரைந்த இடம் மட்டும் பூஞ்சையைச் சுற்றி வெளிறிய வட்டமாகத் தெரியும். பன்னிரண்டு பாட்டிலில் ஒரு வட்டம்கூட வரவில்லை.

ஏப்ரல் முதல் வாரம் மறுபடி போனேன். வரப்போரம் குந்திச் சுரண்டும்போது, உப்பு வாரிக்கொண்டிருந்த பெண் பலகையை ஊன்றி நின்று பார்த்தாள்.

"இன்னாத்துக்குண்ணா லோடு மண்ண பாட்டில்ல போட்டுக்கினு போறீங்க?"

"எந்த லோடு மண்ணு?"

"பெருமுக்கல் பக்கம் இருந்து வந்துச்சே. காலேஜுக்கு மண்ணு போவுது, நம்ம எடம் அசிங்கமா இருக்கக் கூடாதுன்னு ஓனரு ஓரமெல்லாம் பெருக்கச் சொல்லி, ரெண்டு டிராக்டர் செம்மண் கிராவல் கொட்டிட்டாரு. மட்டம் அடிச்சே எங்க இடுப்பு ஒடிஞ்சுது."

வியாபாரி வருமுன் ஓரத்தைப் பெருக்கிச் சமன் செய்வது உப்பளத்து வழக்கம். மாமா பூஞ்சையையும் அதே மரியாதையோடு வரவேற்றிருக்கிறார். என் சீட்டுகளில் 'நிறம்: செம்மை' என்று பன்னிரண்டு முறை தெளிவாக எழுதியிருந்தது.

"பெருக்கினத எங்க போட்டீங்க?"

பம்ப்செட் கொட்டகையின் பின்பக்கம் காட்டினாள். உப்பளத்து ஆட்கள் மதியத்தில் எலுமிச்சை பிழிந்து, பாத்தியிலிருந்தே ஒரு சிட்டிகை உப்பெடுத்துப் போட்டுத் தண்ணீர் குடிப்பார்கள். பிழிந்த மூடிகள் அங்கே கறுத்து, கூழாகி, பெருக்கித் தள்ளிய உப்பு மண்ணோடு கிடந்தன.

"மூக்கப் புடிச்சிக்கினு அள்ளுங்க. ஓனருகிட்ட நான் காட்டினேன்னு சொல்லிடாதீங்க."

அடுத்த வாரம் தங்கை போன் செய்தாள். "அண்ணா, வந்துடுச்சு! ஒத்த ரூபா காசு அகலத்துக்கு வட்டம்!"

பட்டம் கிடைத்தது. ஆய்வேட்டை மாமாவிடம் கொண்டுபோனோம். ஆங்கிலத்தில் இருந்ததை நான்தான் தமிழில் சொன்னேன். எதையும் விட்டுவிடும் பழக்கம் எனக்கில்லை. நன்றியுரையில் முகம் மலர்ந்தவர், மண் எடுத்த இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, குப்பமேடுன்னா எழுதுவ? அந்த ஒரு வார்த்தைய அடிச்சிட்டா என்ன?"

"அதுலதான் மாமா டிகிரியே இருக்குது."

மாமா யோசித்தார். "அப்ப நான் கிராவல் போட்டதையும் எழுதியிருக்கணும்."

எழுதியிருந்தாள். வட்டம் வராத பன்னிரண்டு மண்களின் பட்டியலில், நான் குறித்த காற்றின் திசையோடு.