தீட்டு மாதிரித்தான் அத்தை

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். வெளிமாநிலத்தில் பழைய அணு உலை ஒன்றைப் பிரிக்கும் வேலையில் இருக்கிறேன். மகள் பிறந்ததைக் கேட்டு, திருமங்கலம் பக்கத்தில் இருக்கும் மாமியார் வீட்டுக்கு விடுப்பில் ஓடிவந்தேன். பிள்ளை உள்ளறையில் தூங்குகிறது என்று அத்தை முதலில் சோறு போட்டார். போட்டுக்கொண்டே என் வேலையைப் பற்றிக் கேட்டார்.

விளக்கினேன். வெட்டி எடுக்கும் குழாயையும் இரும்பையும் கருவி வைத்துச் சோதிப்போம். சுத்தமானது உருக்கப் போய் மறுபடி கம்பியாகும். கதிர்வீச்சு ஒட்டியது அதோடு கலந்துவிட்டால் அத்தனையும் குப்பைதான், அதனால் அதைத் தனியாகப் பீப்பாயில் அடைத்துவிடுவோம். அத்தை முழித்தார். புரியட்டுமே என்று, "தீட்டு மாதிரித்தான் அத்தை. ஒதுக்கி வச்சா நாளாக நாளாகத் தானாக் கழிஞ்சிரும்" என்றேன். பெரிய அறிவாளி!

"எம்புட்டு நாளாகும் மாப்ள?"

"சிலதுக்குப் பல வருசம். சிலது நம்ம காலத்துல கழியாது."

அத்தை குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப ஒங்களுக்கு?"

அன்றே என் பை தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் போனது. தட்டு தனி, சொம்பு தனி. வேலை முடிந்ததும் எங்களையே நிறுத்திச் சோதிக்கும் மெஷின் இருக்கிறது, துளி ஒட்டியிருந்தாலும் வெளியே விடாது என்று தொண்டை வறளச் சொன்னேன். "அந்த மெஷின இங்க கொண்டாங்க, நம்புறேன்" என்றார். கோபித்துக்கொண்டு என் ஊரான பேரையூருக்கு பஸ் ஏறியிருப்பேன். பெற்ற பிள்ளையைத் தூக்காமல் எப்படிப் போவது? தகரக் கூரைக்குக் கீழே வெந்துகொண்டு கிடந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன்.

விடுப்பு முடியும் நாளன்று, அத்தை சந்தைக்குக் கிளம்பிய நேரம் பார்த்து மனைவி பிள்ளையோடு வரப்பில் மெல்ல நடந்து வந்தாள்.

"அம்மா வர்றதுக்குள்ள வாங்குங்க மச்சான்" என்று நீட்டினாள்.

வாங்கப் போன என் கையை இழுத்துக்கொண்டேன். "இரு, கை கழுவிட்டு வாரேன்."

தொட்டித் தண்ணீரில் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். நகக்கண்ணைத் தேய்த்தேன். முழங்கை வரை தேய்த்தேன். ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் பாவி மனசு ஒப்பவில்லை. பிள்ளை வெயிலில் வீறிட்டது. "போதும், வாங்க" என்றாள். நான் மறுபடி சோப்பை எடுத்தேன்.

அவள் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப நெசந்தானா மச்சான்?" என்று கேட்டபடி, பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.